படிக்கிணறு பற்றி ஒரு சட்டசபைக் கேள்வி

1. சிவப்புச் சீட்டு

தாலுக்கா ஆபீசில் தீப்பிடித்தால்கூட யாரும் அவசரப்பட மாட்டார்கள். எந்தப் பிரிவில் தீ என்று முதலில் விசாரிப்பார்கள். பிறகு அந்தப் பிரிவுக் குமாஸ்தா லீவில் இருக்கிறாரா என்று பார்ப்பார்கள். ஆனால் தபால் கட்டில் சிவப்புச் சீட்டு ஒட்டிய காகிதம் ஒன்று வந்துவிட்டால் தாசில்தார் முதல் டபேதார் வரைக்கும் எழுந்து நிற்பார்கள். சிவப்புச் சீட்டு என்றால் சட்டசபைக் கேள்வி. இத்தனை நாளுக்குள் பதில் போய்ச் சேராவிட்டால் மந்திரி சபையில் எழுந்து திருதிருவென்று விழிக்க வேண்டும். மந்திரி விழித்தால் கலெக்டர் விழிப்பார், கலெக்டர் விழித்தால் எங்களுக்குத் தூக்கம் இருக்காது.

முப்பத்தெட்டாம் வருஷம், மாசி மாதத் தொடக்கம். நான் வேலையில் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. சேலம் அம்மாபேட்டையில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவன் நான். எங்கள் குடும்பத்தில் தறிக்குழியில் கால் வைக்காமல் மாதச் சம்பளத்துக்குப் போன முதல் ஆள். எடப்பாடிப் பக்கம் ஒரு தாலுக்கா ஆபீசில் போட்டார்கள். எந்த ஆபீஸ் என்று எழுதப் போவதில்லை. அங்கே என்னோடு இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நல்லபடியாக இருக்கிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும்.

அன்றைக்கு வந்த கேள்வி மூன்று பிரிவாக இருந்தது. (அ) கல்லாங்காட்டுப் புதூரில் குடிதண்ணீருக்கு இருப்பது ஒரே ஒரு படிக்கிணறு என்பது உண்மையா? (ஆ) அதனால் அவ்வூரில் நரம்புச்சிலந்தி நோய் பரவியிருப்பது உண்மையா? (இ) உண்மையானால், படிகளை அடைத்துச் சுற்றுச்சுவரும் ராட்டினமும் வைத்துக் கொடுக்க சர்க்காரின் உத்தேசம் என்ன?

இப்போது ஆபீசில் சேருகிற பிள்ளைகளுக்கு நரம்புச்சிலந்தி தெரியாது. தெரியவும் வேண்டாம். வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு, முழங்காலுக்குக் கீழே கொப்புளத்தை உடைத்துக்கொண்டு வெளியே வரும். ஒரு முழத்துக்குக் குறையாமல் இருக்கும். ஈர்க்குச்சியில் சுற்றி, நாளைக்கு ஒரு விரற்கடை வீதம் இழுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்து அறுந்துவிட்டால் உள்ளேயே சீழ் பிடித்துவிடும். படிக்கிணற்றில் இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்று குடம் மொள்ளுகிற ஊரில் இது ஒருவர் காலிலிருந்து தண்ணீருக்கும், தண்ணீரிலிருந்து ஊருக்கும் போய்க்கொண்டே இருக்கும். காட்டு வேலைக்காரனாவது நொண்டிக்கொண்டு களை வெட்டுவான். குழித்தறிக்காரன் கதி அப்படியில்லை. இரண்டு காலும் மாறிமாறி மிதித்தால்தான் துணி. ஒரு கால் போனால் தறி நின்றுவிடும், அடுப்பும் நின்றுவிடும். இது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த கணக்கு.

2. அடுத்தவன் அடுப்பு

எங்கள் சிரஸ்தார், அதாவது தாலுக்கா ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, கும்பகோணத்துக்காரர். நல்ல மனுஷர், ஆனால் காகிதத்துக்கு வெளியே உலகம் இருப்பதாக அவர் ஒப்புக்கொண்டதில்லை. கேள்வியை என் மேஜையில் வைத்துவிட்டு ஒரு பாடம் எடுத்தார்.

"இதோ பாருய்யா, சர்க்கார்னா ஒண்ணு இல்ல, மூணு. சட்டம் போடறதுக்கு ஒரு சபை. நடத்தறதுக்கு நாம. சண்டை தீக்கறதுக்குக் கோர்ட்டு. ஒருத்தன் அடுப்பை இன்னொருத்தன் ஊதப்படாது. சபைக்கு வாய் மட்டுந்தான் உண்டு, கை கிடையாது. கேக்கலாம், கத்தலாம், பட்ஜெட்டுல பணத்தைக் குறைக்கணும்னு வெட்டுத் தீர்மானம் கொண்டாரலாம். ஒரு கல்லைத் தூக்கி ஒரு கிணத்துல வைக்கணும்னா நாமதான் வைக்கணும்."

"அப்ப கேக்கறதுனால என்னங்க சார் பிரயோஜனம்?"

"கேட்டா மந்திரி எல்லார் முன்னாலயும் பதில் சொல்லியாகணும். அதுதான் அவாளுக்கு இருக்கற ஒரே ஆயுதம். அதனாலதான் பதிலை ஜாக்கிரதையா எழுதணுங்கறேன். கேட்டதுக்கு மட்டும் பதில். கேக்காததை எழுதினே, அதுலேர்ந்து நாலு உபகேள்வி முளைக்கும்."

உபகேள்வி என்பது மந்திரி பதிலை வாசித்த பிறகு மெம்பர்கள் எழுந்து அங்கேயே கேட்பது. அதற்கு முன்னேற்பாடு கிடையாது. ஆகவே ஒரு நல்ல பதிலின் லட்சணம், அதைப் பிடித்துக்கொண்டு வேறொரு கேள்வி தொங்க முடியாமல் இருப்பது.

சபை நேராக ஊரைப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ளாது. மெம்பர் மந்திரியைக் கேட்பார். மந்திரியின் இலாகா கலெக்டரைக் கேட்கும். கலெக்டர் தாசில்தாரை, தாசில்தார் சிரஸ்தாரை, சிரஸ்தார் என்னை. எனக்குக் கீழே கேட்க ஆள் இல்லாததால் கேள்வி என்னிடம் வந்து நிற்கும். நான் எழுதுவது அதே வழியில் மேலே போகும். ஒவ்வொருவரும் கையெழுத்துப் போடுவார்கள், ஒருவரும் ஊரைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆக, இருபத்துநாலு வயதுக் குமாஸ்தா எழுதியதை மெட்ராஸில் மந்திரி தன் வாயால் சொல்லுவார். அந்த நினைப்பு எனக்கு அன்றைக்கு எவ்வளவு இனித்தது என்பதை மறைக்க மாட்டேன்.

3. ஈர்க்குச்சி

மறுநாள் காலையில் வண்டி பிடித்துப் புதூருக்குப் போனேன். ஐம்பது அறுபது வீடு, பெரும்பாலும் தறிக்காரர்கள். கணக்குப்பிள்ளை முந்தின நாளே ஆள் விட்டுச் சொல்லியிருந்ததால் சாவடியில் ஊர் முழுக்கக் கூடியிருந்தது. பெரியதனக்காரர் எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். கிணற்றுத் தண்ணீரை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

கேள்வியை வாசித்தேன். பெரியதனக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"கிணறு ஒண்ணுதானுங்க, அது நெசந்தான். சிலந்தி கிலந்தியெல்லாம் எங்கூர்ல இல்லீங்க சாமி. ஆரோ ஆவாதவன் சொல்லியிருக்கறானுங்க."

"ஒருத்தருக்குக்கூட இல்லையா?"

"ஒருத்தருக்கும் இல்லீங்க."

கூட்டம் மொத்தமும் தலையாட்டியது. முன் வரிசையில் நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும் ஒருவர், வலது காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, உடம்பின் பாரத்தை எல்லாம் இடது காலில் போட்டு நின்றிருந்தார். பெயர் அர்த்தனாரி என்றார்கள்.

"காலுக்கு என்னங்க?" என்று கேட்டேன்.

"முள்ளுங்க. வேலாமுள்ளு ஏறிப்போச்சு."

கட்டுக்கு வெளியே ஒரு ஈர்க்குச்சியின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. முள் குத்தியவன் எவனும் காலில் குச்சியைக் கட்டிக்கொள்ள மாட்டான். நான் அந்தக் குச்சியைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவர் பார்த்தார். கணக்குப்பிள்ளை ஸ்டேட்மெண்ட் எழுதினார், பதினெட்டுப் பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். அர்த்தனாரியும் வைத்தார்.

வண்டி ஊர் எல்லையைத் தாண்டும்போது அவர் நொண்டிக்கொண்டே பின்னால் வந்தார். வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"சாமி, தப்பா நெனைக்காதீங்க. ஓட்டுக்கு வந்தப்ப மெம்பருகிட்ட இந்தக் கிணத்தைப் பத்திச் சொன்னது நாந்தானுங்க. ஒரு கைப்பிடிச் சொவரு கட்டி ராட்டினம் போட்டுக் குடுங்கன்னு கேட்டன். ஊருப் பேரைச் சொல்லிச் சபையில கேப்பாருன்னு ஆருங்க கண்டா? கணக்குப்பிள்ள படிச்சுக் காட்டுனாரு. மெட்ராசுல எல்லாரு முன்னாலயும் படிப்பாங்களாமா, பேப்பர்லயும் வருமாமா. சிலந்தி ஊருன்னு ஒருக்கா பேரு விழுந்துருச்சுன்னா எவன் வந்து பொண்ணு எடுப்பான்? வைகாசில ஏழு ஊட்டுல கண்ணாலம் நிக்குதுங்க. என்ற புள்ள பாவாயிக்கும் எடப்பாடில முடிவாயிருக்குது."

"கிணறு வேண்டாமா அப்ப?"

"வேணுமுங்க. பேரு வேண்டாமுங்க."

சபைக்கு இருக்கிற ஒரே ஆயுதம் எல்லார் முன்னாலும் கேட்பது என்று சிரஸ்தார் சொன்னாரே, அந்த ஆயுதம் முதலில் வெட்டியது கேட்கச் சொன்னவர்களைத்தான். நல்லது செய்ய நினைத்த மெம்பருக்கும் இது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் கேள்வியிலிருந்து ஊர்ப் பெயரை எடுத்துவிட்டுத் தாலுக்கா முழுவதற்குமாகக் கேட்டிருக்கலாம். அவர் முதல் தடவை சபைக்குப் போனவர்.

4. நல்ல டிராப்ட்

திரும்பி வந்து சிரஸ்தாரிடம் உள்ளதைச் சொன்னேன். குச்சியைச் சொன்னேன்.

"நீ டாக்டரா?"

"இல்லீங்க சார்."

"பதினெட்டுப் பேர் ஒப்பமிட்ட ஸ்டேட்மெண்ட் இருக்கா?"

"இருக்குங்க."

"அப்புறம் உன் கண்ணு எதுக்கு? எழுது."

எழுதினேன். (அ) ஆம். (ஆ) இல்லை. (இ) இந்தக் கேள்வி எழவில்லை.

மொத்தம் ஐந்து வார்த்தை. அதில் பிடித்துத் தொங்க ஒரு கொக்கி இல்லை. சிரஸ்தார் இரண்டு தடவை படித்துவிட்டு, "பேஷ், நல்ல டிராப்ட்" என்றார். அவர் யாரையும் பேஷ் சொன்னதில்லை. அன்று சாயங்காலம் நான் ஓட்டலில் இரண்டு தோசை சாப்பிட்டேன். எனக்கு மனசாட்சி உறுத்தியது என்று எழுத இப்போது ஆசையாக இருக்கிறது. ஆனால் உறுத்தவில்லை. அந்த ஊர்க்காரர்களே இல்லை என்கிறார்கள், ஒரு பெண்ணின் கல்யாணம் நடக்கப் போகிறது, யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்துப் பேப்பரில் வந்தது. மந்திரி என் ஐந்து வார்த்தையை அப்படியே வாசித்திருந்தார். மெம்பர் விடாமல் ஒரு உபகேள்வி போட்டிருந்தார்: "மந்திரி அவர்கள் நேரில் வந்து அந்த ஊர்க்காரர்களின் காலைப் பார்ப்பாரா?" சபையில் சிரிப்பு என்று அடைப்புக்குள் போட்டிருந்தது.

அடுத்த வாரம் அர்த்தனாரி ஆபீசுக்கு வந்தார். கால் கொஞ்சம் தேறியிருந்தது.

"சாமி, அந்தப் பேப்பர் ஒண்ணு கெடைக்குமுங்களா? மாப்ள ஊட்டுல எவனோ போயிக் கெளப்பி உட்டுட்டான். மந்திரியே இல்லைன்னு சொல்லிப்போட்டாருன்னு காட்டுனா வாயடைச்சிரும்."

என் சொந்தப் பேப்பரைக் கத்தரித்துக் கொடுத்தேன். அவர் அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். வைகாசியில் பாவாயி கல்யாணம் நடந்தது. எனக்கும் வெற்றிலை பாக்கு வைத்தார்கள். நான் போகவில்லை, பட்டா வேலை இருந்தது.

5. மெம்பர் வந்தார்

கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால் மெம்பர் ஒரு நாள் ஆபீசுக்கே வந்துவிட்டார். ஊரில் வக்கீல் தொழில் செய்தவர். கதர்ச் சட்டை, வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. சிரஸ்தார் எழுந்து நாற்காலி போட்டார். மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை.

"ஏனுங்க, புதூருக்கு நானே போயிட்டு வாரேன். எல்லாரும் இல்லைங்கறாங்க. ஆனா ரண்டு பேரு கால்ல என்ற கண்ணால பாத்தேன். அந்த ஸ்டேட்மெண்ட்டை ஒருக்கா காட்டுங்க."

"ஃபைலைக் காட்ட முடியாதுங்களே."

"நான் இந்தத் தொகுதி மெம்பருங்க."

"சபையிலே மெம்பர். இங்கே நீங்க ஒரு கனம் பொருந்திய வெளியார். தப்பா எடுத்துக்கப்படாது. ஃபைல் வேணும்னா மந்திரியைக் கேளுங்க, மந்திரி கலெக்டரைக் கேப்பார், கலெக்டர் எங்களைக் கேப்பார்."

மெம்பர் என் பக்கம் திரும்பினார். நான்தான் எழுதினேன் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, ஆனால் வக்கீல் கண் அல்லவா.

"சபைல நான் கேட்டா மந்திரி சொல்றாரு. மந்திரிக்கு நீங்க சொல்றீங்க. நீங்க சொன்னது சரியா தப்பான்னு மறுக்காவும் உங்களைத்தான் கேக்கோணும். இது எந்த ஊரு நாயமுங்க?"

சபையில் கேட்கிற கேள்விக்கு நம்பர் உண்டு, நம்பர் இருந்தால்தான் பதில் உண்டு. அந்தக் கேள்விக்கு நம்பர் இல்லை.

அதே கூட்டத்தொடரில் மறுபடியும் கேட்கப் பார்த்திருக்கிறார். பதில் சொல்லி முடித்த கேள்வியைத் திரும்பக் கேட்கக் கூடாது என்பது சபை விதி. தீர்மானமாகக் கொண்டுவரச் சீட்டுக் குலுக்கியதில் அவர் பெயர் வரவில்லை. அடுத்த பட்ஜெட்டின்போது வெட்டுத் தீர்மானம் கொடுத்தார். சொந்தக் கட்சி மந்திரிசபை மேலேயே வெட்டுத் தீர்மானமா என்று கட்சிக்காரர்கள் வாபஸ் வாங்கச் சொல்லிவிட்டார்கள். சபைக்கு வாய் உண்டு என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன், அந்த வாயைப் பொத்துவதற்கு இத்தனை கை இருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

6. இருக்குதுன்னு எழுதுங்க

மறு வருஷம் சித்திரைக் கடைசியில் அர்த்தனாரி வந்தார். ஆபீஸ் வாசற்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் போய்க் குனிந்து கேட்டேன்.

"பாவாயியைக் கொண்டாந்து உட்டுட்டாங்க சாமி."

பங்குனியில் அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் கொப்புளம் எழும்பியிருக்கிறது. மாமியார் பார்த்துவிட்டாள். எடப்பாடியில் அந்தத் தெருவில் யாருக்கும் வந்ததில்லை, இவள் பிறந்த ஊரிலிருந்து கொண்டுவந்தது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் பேப்பர்த் துண்டை அர்த்தனாரி முகத்தில் வீசியிருக்கிறார்கள். அவசரத்தில் யாரோ இழுத்துப் புழு அறுந்துபோய், முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கி, வண்டியில் படுக்கப் போட்டுக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"நாந்தான் பொய் சொன்னனுங்க. ஊரே சொல்லிச்சு, நானும் சொன்னன். இப்பப் பொய்யும் போச்சு, கண்ணாலமும் போச்சு. இன்னும் மூணு புள்ளைகளை அப்பிடியே திருப்பி அனுப்பிச்சிட்டாங்க. இனி எங்களுக்கு மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்க. இருக்குதுன்னு எழுதுங்க. பேரு வந்தா வரட்டும். கிணத்தையாச்சும் மூடிக் குடுங்க."

நீங்களே மூடிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். கேட்டது எனக்கே அசிங்கமாக இருந்தது. கிணறு சர்க்கார் புறம்போக்கில் இருந்தது. அதில் ஒரு படிக்கல்லைப் பெயர்த்தால் அடுத்த நாள் நோட்டீஸ் போகும். அந்த நோட்டீசை எழுதுகிற பிரிவும் என்னுடையதுதான்.

மெம்பரிடம் அவரை அனுப்பினேன். அரசாங்கக் குமாஸ்தா அப்படிச் செய்யக் கூடாது, இருந்தும் வக்கீல் வீட்டுக்கு வழி சொன்னேன். மெம்பர் உடனே புதுக் கேள்வி எழுதிப் போட்டார்.

7. நாற்பத்தொன்று

ஆவணியில் மறுபடியும் சிவப்புச் சீட்டு வந்தது. அதே புதூர், அதே கிணறு, அதே மூன்று பிரிவு.

இந்தத் தடவை வீடு வீடாகப் போனேன். யாரும் மறைக்கவில்லை. பெரியதனக்காரர் தன் பேரனின் காலை அவர் கையாலேயே தூக்கிக் காட்டினார். நாற்பத்தொரு பேருக்கு இருந்தது. பெயர், வயது, எந்தக் கால், எத்தனை நாளாகத் தறி நிற்கிறது என்று நாலு பக்கம் எழுதினேன். அந்த ரிப்போர்ட்டில் கேட்காததையும் எழுதியிருந்தேன். சிரஸ்தார் படித்துவிட்டு என்னைப் பார்த்தார், ஒரு வரியையும் அடிக்கவில்லை. "போகட்டும்யா" என்று கையெழுத்துப் போட்டார். கலெக்டர் ஆபீசிலும் மாற்றாமல் மேலே அனுப்பியதாகத் தெரிந்தது. (ஆ)வுக்கு விடை "ஆம்". சபை கூடியதும் மந்திரி எழுந்து வாசிக்க வேண்டியதுதான் பாக்கி. சபையில் ஆம் என்று சொல்லிவிட்டால் (இ)யை எழவில்லை என்று சொல்ல முடியாது. கிணற்றுக்கு ஏதாவது செய்தாக வேண்டும்.

நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். அர்த்தனாரியும் சந்தை நாள் தவறாமல் வந்து, "படிச்சாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

ஐப்பசியில் மந்திரிகள் ராஜினாமா செய்தார்கள். சீமையில் சண்டை வந்துவிட்டது, இங்கே யாரையும் கேட்காமல் வெள்ளைக்காரர்கள் இந்த நாட்டையும் சண்டையில் சேர்த்துவிட்டார்கள் என்பது காரணம். காரணம் நியாயமானது, அதில் எனக்கு வழக்கில்லை. கவர்னர் பிரகடனம் ஒன்று போட்டு, சபையின் அதிகாரம் முழுவதையும் தானே எடுத்துக்கொண்டார். சிரஸ்தார் பிரித்துச் சொன்ன மூன்றில் இரண்டு ஒரே ஆளின் கைக்குள் போய்விட்டது. மெம்பர் மெம்பராகவே இருந்தார், ஆனால் போய் உட்கார ஒரு சபை கிடையாது. அவருடைய கேள்வி மெட்ராஸில் எங்கோ ஒரு மேஜையில் நம்பரோடு கிடந்தது.

எங்களுக்கு ஒரு சர்க்குலர் வந்தது. சபை கூடாதபடியால் நிலுவையிலுள்ள கேள்விகளின் மேல் இனி நடவடிக்கை தேவையில்லை, சம்பந்தப்பட்ட ஃபைல்களை முடிக்கவும்.

சிரஸ்தாரிடம் ஓடினேன். "சார், கேள்வி போனா போகட்டும். நாப்பத்தொரு பேருங்கறது நம்ம ரிப்போர்ட்டுங்களே. நமக்கே தெரிஞ்சுதானே இருக்கு? கிணத்தை மூடறதுக்கு நாமளே எழுதலாமே?"

"அந்த ரிப்போர்ட் எதுக்காக வாங்கினது? கேள்விக்குப் பதில் சொல்ல. கேள்வியே இல்லேன்னா அது என்ன ரிப்போர்ட்?" என்றார். குரலில் தெம்பு இல்லை. சர்க்குலரை மடித்து வைத்துவிட்டு, "எழுதிப் பாரு, நான் அனுப்பறேன்" என்றார். எழுதினேன், அனுப்பினார். யுத்த காலத்தில் புதிய வேலை எதுவும் எடுப்பதற்கில்லை என்று இரண்டே வாரத்தில் திரும்பி வந்தது. எங்கள் தாலுக்காவிலிருந்து போன எந்தக் காகிதத்துக்கும் அவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததில்லை.

அர்த்தனாரியிடம் சொன்னேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"கேக்கறதுக்கு ஆளில்லைன்னா, உங்குளுக்குத் தெரிஞ்சது தெரியாமப் போயிருமுங்களா?"

8. தகவலுக்கு

ஃபைலை முடிக்கும் முன் பக்கங்களுக்கு நம்பர் போட்டு, "எல். டிஸ்." என்று எழுத வேண்டும். ஒரு வருஷம் வைத்திருந்து கிழித்துப் போடலாம் என்று அதற்கு அர்த்தம். இரண்டு கேள்விக்கும் ஒரே கட்டு. பின்னாலிருந்து பக்கம் எண்ணிக்கொண்டு வந்தபோது, முதல் கேள்விக் காலத்துக் காகிதம் ஒன்று கையில் பட்டது. கலெக்டர் அப்போது ஜில்லா சுகாதார ஆபீசரையும் இந்த நோய் பற்றிப் பொதுவாக ஒரு குறிப்புக் கேட்டிருக்கிறார். அதன் நகல் எங்களுக்கு வந்திருந்தது. மேலே "தகவலுக்கு" என்று போட்டிருந்தது. அதாவது பதில் எழுத வேண்டியதில்லை. பதில் எழுத வேண்டாத காகிதத்தை எந்தக் குமாஸ்தாவும் படிப்பதில்லை.

அன்றைக்குப் படித்தேன். படிகளை அடைப்பதே நிரந்தர வழி என்று இருந்தது. அதற்குக் கீழே இப்படி: அதுவரையில் குடிதண்ணீரை நெருக்கமாக நெய்த துணியில் வடிகட்டினாலே போதுமானது. நோய் கொண்டுவரும் நீர்ப்பூச்சி துணியைத் தாண்டாது. நோய் உடம்பில் புகுந்து காலில் வெளிப்பட ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும்.

ஓரத்தில் என் சுருக்கொப்பம் இருந்தது. தேதி, முப்பத்தெட்டு மாசி. ஒரு வருஷம் பின்னால் எண்ணிப் பார்த்தேன். பாவாயி குடித்த தண்ணீர் கல்யாணத்துக்கு முந்தின பங்குனித் தண்ணீர். காகிதம் அதற்கு முன்னாலேயே என் கைக்கு வந்திருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை புதூருக்கு நடந்தே போனேன். அர்த்தனாரி தறியில் இருந்தார். பாவாயி சுவரோரம் ஒரு காலை நீட்டியபடியே உட்கார்ந்து தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். சீழ் வடிந்து ஆறியிருந்தது, முழங்கால் மட்டும் அப்படியே இறுகிவிட்டது. இனி மடங்காது. தறிக்குழியில் அவள் இறங்க முடியாது, மாப்பிள்ளை வீட்டிலும் வேறு பெண் பார்த்துவிட்டார்கள்.

சொன்னேன். முழுவதையும், தேதியையும் சொன்னேன். அர்த்தனாரி கேட்டுவிட்டுத் தறியில் பாதி நெய்து நின்ற வேட்டியைப் பார்த்தார். அந்த வீட்டில் திரும்பிய பக்கமெல்லாம் துணி. மூலையில், கொடியில், மடித்துப் பெட்டியில். அந்த ஊரில் சோறு இல்லாத வீடு உண்டு, துணி இல்லாத வீடு கிடையாது.

"துணியிலயா?" என்றார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாவாயிதான் சுவரைப் பிடித்து எழுந்தாள். ஒரு வேட்டித் துண்டை உதறி, குடத்தின் வாயில் போட்டுக்கொண்டு என்னைக் கேட்டாள்.

"எத்தனை மடிப்புங்க போடோணும்?"

"ரண்டு மடிப்புப் போதும்மா" என்றேன்.

கொஞ்ச வீடுகளில் வடிகட்டினார்கள். கொஞ்ச வீடுகளில், இத்தனை பெரிய நோய் ஒரு துண்டுத் துணிக்குக் கட்டுப்படுமா என்று சிரித்தார்கள். அடுத்த வருஷம் என்னை ஆத்தூர்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அதுவரை கிணறு படியோடுதான் இருந்தது. சபை மறுபடியும் கூட ஆறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நாற்பத்தொரு பெயர் எழுதிய ரிப்போர்ட்டை அதற்குள் கிழித்துப் போட்டிருப்பார்கள்.

இந்த உத்தியோகத்தில் முப்பத்துச் சொச்சம் வருஷம் இருந்து நான் கற்றது அதிகமில்லை. கேட்கிற சபை ஒன்று வேண்டும். அது இல்லாத நாட்டில் சர்க்காருக்கு எல்லாம் தெரிந்திருக்கும், ஒன்றும் நடக்காது. ஆனால் சபை இருந்தபோதும் அதற்குப் பொய் சொன்னது என் பேனா. கிணற்றை மூட எனக்கு அதிகாரம் கிடையாது, உண்மைதான். தண்ணீரை வடிகட்டிக் குடியுங்கள் என்று சொல்ல யாருடைய அதிகாரமும் வேண்டியதில்லை. சொல்லக் கூடாது என்று எந்த மேனுவலிலும் விதி இல்லை. பிற்பாடு ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். அப்படி ஒரு விதி இருந்திருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

உங்கள் மேஜைக்குத் "தகவலுக்கு" என்று ஒரு காகிதம் வந்தால் தயவுசெய்து படியுங்கள். படித்துவிட்டு, அது யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். நான் சொன்னேன், ஒன்றே முக்கால் வருஷம் கழித்து. பாவாயியின் காலுக்கு அது உதவவில்லை.